டிரெய்னர் போன பிறகு நாய் என்ன செய்கிறது?

காலை ஆறரை மணி. அண்ணா நகரிலோ வேளச்சேரியிலோ ஒரு வீட்டு வாசலில் டிரெய்னரின் பைக் வந்து நிற்கிறது. வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து, லேப்ரடாரின் செயினை அவர் கையில் கொடுத்துவிட்டு, காபிக்கு உள்ளே போய்விடுகிறார். அரை மணி நேரம் தெருவில் சிட், டவுன், ஸ்டே, ஹீல். பிறகு நாய் திரும்ப வீட்டுக்கு. மூன்று மாதப் பேக்கேஜ் முடியும்போது டிரெய்னர் விரலை அசைத்தாலே நாய் சிலைபோல் உட்காருகிறது. நான்காவது மாதம் வீட்டுக்காரர் அதே சொல்லைச் சொன்னால் வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கிறது. கட்டிய பணம் வீண் என்கிறார் அவர்.

டிரெய்னர் ஏமாற்றவில்லை. நாயும் எதையும் மறக்கவில்லை. இந்த ஆள், இந்தத் தெரு, இந்த நேரம், இந்தக் கையசைவு, எல்லாம் சேர்ந்தால் உட்கார வேண்டும் என்பதைத்தான் அது மூன்று மாதம் படித்தது. சூழலில் உள்ள சின்ன வித்தியாசத்தையும் கண்டுகொள்வதில் நாய் கெட்டி. ஓரிடத்தில் படித்ததை இன்னோரிடத்துக்கு எடுத்துப் போவதில் மந்தம். மனிதர்கள் இதற்கு நேர்மாறு என்பதால், நமக்கு ஒரே கமாண்டாகத் தெரிவது அதற்குப் பத்துத் தனித்தனிப் பாடங்கள் என்பது சட்டென்று உறைப்பதில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி, ‘சிட்’ என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள். பிறகு தரையில் மல்லாந்து படுத்தபடி சொல்லுங்கள். நன்றாகப் பழக்கியதாகச் சொல்லப்படும் நாய்களில் பலவும் இங்கே விழிக்கும். சொல்லை அவை படிக்கவே இல்லை. நாம் லேசாகக் குனிவதையும் கை மேலே போவதையும்தான் படித்திருக்கின்றன. நாய் பயிற்சியைத் தொழிலாக எடுப்பவர் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். கட்டணம், பயிற்சி முறை, சான்றிதழ் எல்லாவற்றையும் தான் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும்.

பலகை ஒன்று, வேலை இரண்டு

‘டிரெய்னர் & பிஹேவியரிஸ்ட்’ என்று விசிட்டிங் கார்டில் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு வேலை. டிரெய்னர் செயலைக் கற்றுத் தருகிறார்: உட்கார், வா, விடு, இழுக்காமல் நட. பிஹேவியரிஸ்ட், அதாவது நடத்தை வல்லுநர், அந்தச் செயலுக்குப் பின்னால் இருக்கும் பயத்தையும் பதற்றத்தையும் கையாளுகிறார். விருந்தாளி மேல் பாய்ந்து நக்கும் நாய்க்கு டிரெய்னர் போதும். விருந்தாளியைக் கண்டதும் சோபாவுக்கு அடியில் ஒடுங்கி, கிட்டே வந்தால் கடிக்கும் நாய்க்கு ‘சிட்’ சொல்லிக்கொடுத்தால், அது உட்கார்ந்துகொண்டே பயப்படும். அவ்வளவுதான்.

மூன்றாவது படி கால்நடை மருத்துவர். அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு மேல் நடத்தை மருத்துவத்துக்கென்றே தனிப் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்களுக்கு 1993-இல் தனிச் சிறப்புப் பிரிவாக அங்கீகாரம் கிடைத்தது. நம்மூரில் ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. படித்த மருத்துவரே அந்த இடத்தையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. டிரெய்னராவதற்கோ சட்டப்படி உரிமமும் தேர்வும் தேவையில்லை. நேற்றுவரை வேறு வேலை பார்த்தவர் இன்று பலகை மாட்டலாம். ஆகவே தன் எல்லை எது என்று தெரிந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கிட்டத்தட்ட ஒரே உரிமம்.

முறைகளின் சண்டை

கட்டாயப்படுத்திப் பழக்கும் முறைக்கு எழுத்து வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கான்ராட் மோஸ்ட். அவருடைய கையேடு 1910-இல் வந்தது. போலீஸ் நாய்களும் ராணுவ நாய்களும் அந்த வழியில் வளர்ந்தன. செயினைச் சுண்டுவது, முள் காலர், அடிபணிய வைப்பது எல்லாம் அந்தப் பரம்பரை. இந்தியாவில் மீரட்டில் ராணுவக் கால்நடைப் படையின் மையமும், குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையமும் இருக்கின்றன. சீருடைப் பணியில் ஹேண்ட்லராக இருந்து ஓய்வு பெற்ற பலர் வீட்டு நாய்ப் பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களுடைய ஒழுங்கும் பொறுமையும் பெரிய சொத்து. ஆனால் அங்கே ஒரு நாய்க்கு ஒரே ஆள். நாள் முழுக்க அதோடுதான் வேலை. வீட்டில் ஒரு நாய்க்கு ஐந்து பேர், ஐந்து விதமான ‘உக்காரு’.

இன்னொரு பரம்பரை ஆய்வகத்திலிருந்து வந்தது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் 1940-களிலேயே பரிசு கொடுத்து விலங்குகளைப் பழக்கும் வேலையைத் தொழிலாகச் செய்தார்கள். ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையர் அதைப் பின்னாளில் நாய்க்காரர்களிடம் கொண்டுவந்தார். டால்ஃபினுக்குச் செயின் போட முடியாது. பிடிக்காவிட்டால் அது நீந்திப் போய்விடும். அங்கே பழக்கத் தெரிந்தவருக்கு அடி தேவைப்படாதது இயல்புதானே.

நடுவில் ‘ஆல்ஃபா’, அதாவது கூட்டத்தலைவன், என்ற கதை ஒன்று புகுந்தது. ருடால்ஃப் ஷெங்கெல் 1947-இல் கூண்டில் ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது, ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய நூல் வழியாகப் பரவி, நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற அறிவுரையாக வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்த அதே மெக், ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதித் தன் பழைய கருத்தைத் திருத்தினார். திருத்தம் மட்டும் அந்த அளவுக்குப் பரவவில்லை. நாயைப் புரட்டிப்போட்டு அமுக்கிப் பிடிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதன் விளைவைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2009-இல் வெளியிட்டார்கள். நடத்தைச் சிக்கலோடு வந்த நாய்களின் உரிமையாளர்கள் 140 பேரிடம் கேட்டதில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரும், புரட்டி அமுக்கியவர்களில் 31 விழுக்காட்டினரும் நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள்.

பிறகு ஏன் அந்த முறை சாகவில்லை? பணம் கொடுப்பவர் கண்முன்னால் அது வேலை செய்கிறது. செயினைச் சுண்டினால் நாய் அந்த நொடியே அடங்கும், பார்ப்பவருக்கு வித்தை. உறுமியதற்காக அடி வாங்கிய நாய் உறுமலை நிறுத்திக்கொள்கிறது, பயம் அப்படியே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, ‘எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடித்துவிட்டது சார்’ என்று போன் வரும். எச்சரிக்கை இருந்தது. அதை அடித்து அழித்துவிட்டோம். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் அடிப்பதையும், நியாயமில்லாத அளவு குட்டையான அல்லது கனமான செயினில் நெடுநேரம் கட்டி வைப்பதையும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! 1960-இன் ரூபாய் அது.

ஒரு பாயும் முப்பது துண்டுக் கோழியும்

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பாடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். காலிங் பெல் அடித்ததும் வாசலுக்குப் பாயாமல் நாய் தன் பாயில் போய்ப் படுக்க வேண்டும். கூரியர்காரர்கள் நாளுக்கு நாலு முறை வரும் காலத்தில் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படும் பாடம் இது.

உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியை அரை நிலக்கடலை அளவுக்கு நறுக்கி முப்பது துண்டு. பக் போன்ற சின்ன நாய்க்கு அதிலும் பாதி. ஒரு நாளின் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் டிரீட் போகக்கூடாது. கொடுத்ததை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிட வேண்டும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. பாய் எது என்று நாய்க்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தரை நிறத்திலேயே மெல்லிய துணியைப் போட்டால் அதற்குப் புரியாது. வாசலிலிருந்து தள்ளி, ஹாலின் மூலையில் போடுங்கள்.

முதல் சுற்றில் வாயே திறக்க வேண்டாம். ஒரு கால் பாயில் பட்டாலும் அதே நொடியில் ‘எஸ்’ என்று ஒரு குறிச்சொல். அது முடிந்த பிறகு கை டிரீட் பைக்குள் போக வேண்டும். டிரீட் நம் கையிலிருந்து நாயின் வாய்க்குப் போகாமல், பாயின் மேல் விழ வேண்டும். தொடக்கத்தில் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து துண்டு போகும். கஞ்சத்தனம் பார்த்தால் நாய் சலித்துப்போய் நகர்ந்துவிடும். மூன்று நிமிடம், பிறகு ஓய்வு. அடுத்த சுற்றில் நாலு காலும் பாயில் இருந்தால்தான் டிரீட், அதற்கடுத்து படுத்தால்தான். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகே ‘பாய்’ என்ற சொல் நுழையும். செயல் வருவதற்கு முன்பே சொல்லை ஓதினால் அது நாய்க்கு வெறும் இரைச்சல்.

பிறகு நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றையும் கூட்ட வேண்டும், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும். படுத்திருக்கும் நேரத்தை இரண்டு நொடி, ஐந்து, மூன்று, எட்டு, நாலு, பன்னிரண்டு என்று ஏற்றி இறக்கிக் கூட்டுங்கள். ஏறிக்கொண்டே போனால் ‘இது கஷ்டமாகிக்கொண்டே போகிறது’ என்று கண்டுகொண்டு எழுந்துவிடும். ஐந்து முறையில் ஐந்தும் சரியென்றால் அடுத்த படி. மூன்றோ நாலோ சரியென்றால் அதே படி. அதற்குக் கீழே என்றால் ஒரு படி இறக்கம். காலிங் பெல்லைப் போனில் பதிவுசெய்து, மிக மெல்லிய ஒலியில் தொடங்குங்கள். பிறகு முழு ஒலி, பிறகு வீட்டு ஆளே வெளியே போய் நிஜ பெல், பிறகு தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர், கடைசியில்தான் கூரியர்.

எங்கே கெடும்? ‘எஸ்’ சொல்வதற்கு முன்பே கை பைக்குள் போனால் நாய் காதைப் பூட்டிவிட்டுக் கையையே பார்க்கும். ‘பாய், பாய், பாய்டா’ என்று மூன்று முறை சொன்னால் மூன்றாவதுக்குத்தான் அசைய வேண்டும் என்று படித்துக்கொள்ளும். பாயிலிருந்து கூப்பிட்டுப் பரிசு கொடுத்தால், எழுந்து வருவதற்கான பரிசாக அது மாறிவிடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஆள் பாட்டி. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அரை இட்லி தள்ளும் பாட்டிதான் அந்த வீட்டில் மிகத் திறமையான டிரெய்னர். கெஞ்சிக்கொண்டு நிற்பதை அவர் பிசகாமல் கற்றுத் தருகிறார். அவரைத் தடுக்க முயலும் டிரெய்னர் தோற்பார். ‘அம்மா, அந்த இட்லியை இந்தப் பாயில் போடுங்க, அது படுத்திருந்தா மட்டும்’ என்று கேட்பவர் ஜெயிப்பார். ‘சிட்’டா ‘உக்காரு’வா என்பதையும் முதல் நாளே குடும்பமாக முடிவுசெய்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் ஒட்டிவிடுவது நல்லது. நாய்க்கு மொழி பொருட்டில்லை, ஆளுக்கு ஒரு சொல்தான் தொல்லை.

பதற்றத்தைத் தொடும் இடம்

நடத்தை வேலை வேறு வேகம். கணவன், மனைவி இருவரும் ஆபீஸ் போன பிறகு நாய் கதவைப் பிறாண்டுகிறது, விடாமல் ஊளையிடுகிறது, ஹாலிலேயே சிறுநீர் கழிக்கிறது என்று ஒரு ஃபிளாட்டிலிருந்து அழைப்பு. வல்லுநர் முதலில் நாயைப் பார்க்க மாட்டார், வீடியோ கேட்பார். பழைய போன் ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து, வீட்டார் வெளியேறிய முதல் அரை மணி நேரத்தைப் பதிவுசெய்யச் சொல்வார். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் பிறகு செருப்பைக் கடிக்கும் நாய்க்குச் சலிப்பு. கதவு சாத்திய ஓரிரு நிமிடத்திலேயே மூச்சிரைத்து, எச்சில் வடிய, அங்குமிங்கும் நடக்கும் நாய்க்குத் தனிமைப் பயம். முதலாவதற்கு நடையும் கடிக்க ஏதாவதும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவதற்கு அது எதுவும் செல்லாது. பயந்த நாய் எலும்பைத் தொடக்கூடத் தொடாது. கூண்டில் அடைத்துவிட்டுப் போனால் பல்லும் நகமும் உடைத்துக்கொள்ளும்.

சிகிச்சை சலிப்பூட்டும் அளவுக்குச் சின்னச் சின்ன படிகள். சாவியை எடுத்து மறுபடி வைப்பது. செருப்பைப் போட்டுக்கொண்டு டிவி பார்ப்பது. கதவைத் திறந்து மூடுவது. வெளியே போய் மூன்று நொடியில் திரும்புவது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தால் அந்தப் படி தேறியது. எழுந்து கதவருகே வந்து நின்றால் நாம் அவசரப்பட்டுவிட்டோம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம். முதல் அரை மணி நேரத்தைத் தாண்டுவதுதான் மலையேற்றம். குடும்பங்கள் முறிந்துபோகும் இடம் வேறு: இந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களில் நாய் தாங்கும் நேரத்துக்கு மேல் அதைத் தனியே விடக்கூடாது. காலையில் மூன்று நொடிப் பயிற்சி, பகலில் எட்டு மணி நேரத் தனிமை என்றால், பகல்தான் ஜெயிக்கும். அதனால் மாமியார், பக்கத்து வீடு, முறை மாற்றி வீட்டிலிருந்து வேலை என்று ஓர் அட்டவணை போடுவதிலேயே முதல் ஆலோசனை முடிந்துவிடும்.

முற்றிய நிலையில் மருந்தும் வேண்டியிருக்கும். தனிமைப் பயத்துக்கு குளோமிப்ரமினை 1998-இலும் ஃபுளூவாக்சிடினை 2007-இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நாய்களுக்கென அனுமதித்தது. இவை மயக்க மாத்திரைகள் இல்லை. பலன் தெரிய நாலு முதல் எட்டு வாரம் ஆகும். எழுதித் தர வேண்டியவர் கால்நடை மருத்துவர். வாட்ஸ்ஆப்பில் அளவு சொல்லும் டிரெய்னரிடமிருந்து விலகிவிடுங்கள்.

மருத்துவரைப் பார்க்காமல் எந்தக் கடி வழக்கையும் தொடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் வலி. காதில் சீழ் பிடித்த லேப்ரடார் தலையைத் தடவ வரும் குழந்தையைக் கடிக்கும். இடுப்பு மூட்டு தேய்ந்த ஜெர்மன் ஷெப்பர்டு, மாடிப்படியில் ஏறச் சொன்னால் உறுமும். ‘திடீரென்று மாறிவிட்டது’ என்று வீட்டார் சொல்லும் நாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் பட்டியலின் மேலேயே இருக்கிறது.

இங்கே மட்டும் உள்ள தொல்லைகள்

வெளிநாட்டு வீடியோக்களில், மற்ற நாய்களைக் கண்டால் குரைத்துப் பாயும் நாய்க்குச் சொல்லும் பாடம் அழகாக இருக்கும்: எதிரே உள்ள நாயைப் பார்க்கும், ஆனாலும் டிரீட் தின்னும் அளவுக்கு நிதானம் இருக்கும் தூரத்தில் நில்லுங்கள், அது பார்த்ததும் கோழி, நாள்போக்கில் தூரத்தைக் குறையுங்கள். வரிசை முக்கியம். எதிரி கண்ணில் பட்ட பிறகே கோழி வர வேண்டும். முன்கூட்டியே கொடுத்தால், கோழி வந்தால் ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று படித்துக்கொண்டு, அப்புறம் கோழியைக் கண்டாலே சுற்றுமுற்றும் தேடும்.

நம் தெருவில் அந்தத் தூரம் நம் கையில் இல்லை. முப்பது மீட்டர் தள்ளி நின்றால் தெருநாய் நம்மைத் தேடி வரும். அதனால் இங்கே வேலை வேறு மாதிரி தொடங்க வேண்டும். மொட்டை மாடியிலிருந்து கீழே பார்த்துப் பயிற்சி. நிறுத்திய காரின் பின்சீட்டிலிருந்து பயிற்சி. தெருநாய்க் கூட்டங்களின் எல்லையைக் கவனித்து, எந்த மின்கம்பத்தோடு ஒன்றின் ஆட்சி முடிகிறது என்று தெரிந்து, அந்த இடைவெளியில் நடக்க வேண்டும். குரைத்துக்கொண்டு வருபவை பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும். கையில் ஒரு குடை இருந்தால் சட்டென்று விரித்து நடுவில் திரை போடலாம். கல் எறிந்தால் நாளைக்கு உங்களை அடையாளம் வைத்துக் குரைக்கும்.

குட்டி விஷயம் இன்னும் மோசம். குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான் உலகம் பாதுகாப்பானது என்று பதியும் பருவம். ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவரின் நீண்ட ஆய்வு 1965-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. முப்பது நாள் குட்டி கைமாறுவதை எல்லாரும் பார்க்கிறோம். தாயிடமிருந்து அப்படிப் பிரிந்த குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. பிறகு தடுப்பூசி முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதே என்பார்கள். நாலு மாதம் ஃபிளாட்டில் அடைந்து கிடந்துவிட்டு, ஆட்டோ சத்தத்துக்கு நடுங்கும் நாயாக வெளியே வரும். நடுவழி இருக்கிறது: தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தை, பள்ளிக்கூட வாசல், மழைக்கோட்டு, ஹெல்மெட், தாடி, ஊன்றுகோல் எல்லாவற்றையும் காட்டுவது. முதல் சுற்றுத் தடுப்பூசி போட்டு ஏழு நாள் ஆன குட்டியைச் சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டி வகுப்புக்குக் கூட்டிப் போகலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர்களின் சங்கமும் சொல்கிறது.

நாட்டு நாய்களுக்குத் தனி அறிவு வேண்டும். ராஜபாளையம் குட்டி சொன்னதைக் கேட்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் காதை. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது அந்த இனத்தில் தெரிந்த சிக்கல். குட்டி தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டக்கூடாது, அதிர்வை உடம்பாலேயே உணர்ந்துகொள்ளும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி விழித்துக்கொண்டு தப்பான திசையில் தேடும். செவிட்டு நாயையும் கைச்சைகையால் மிக அழகாகப் பழக்கலாம், அது செவிடு என்று தெரிந்தால். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடும் வேட்டை நாய்கள். முயலோ பூனையோ பார்த்து ஓடத் தொடங்கிவிட்டால் பின்னாலிருந்து கூப்பிடுவது காற்றோடு பேசுவதுதான். சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் அவற்றின் கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் டிரெய்னருக்கு அந்த இனம் தெரியாது என்று பொருள்.

தொழிலாக எடுத்தால்

கற்க வேண்டிய முதல் கலை கண்ணால் பார்ப்பது. நாய் தன் பதற்றத்தைக் காட்டும் வரிசை: உதடு நக்குதல், இடமில்லாத இடத்தில் கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப் பார்வை, ஒரு நொடி உறைந்து நிற்பது, பிறகுதான் உறுமல். வால் ஆடினால் நட்பு என்று நம்புகிறவரை நாய் கடிக்கும்; விறைத்து உயர்ந்து வேகமாகத் துடிக்கும் வாலும் ஆடும் வால்தான். இந்தக் கண் காப்பகங்களில் பழகினால் வரும். சென்னையில் கிண்டியில் உள்ள புளூ கிராஸ் போன்ற இடங்களில் தன்னார்வலராகச் சில மாதம் கூண்டு கழுவினாலே, பத்து லேப்ரடார் வளர்த்தவருக்குத் தெரியாதது தெரியவரும். கை வேகத்துக்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான வழி உண்டு. பிரேலண்டுகளோடு வேலை செய்த பாப் பெய்லி டிரெய்னர்களுக்குக் கோழியை வைத்து வகுப்பெடுத்தார். கோழி படு வேகம். அரை நொடி தாமதித்தால் வேறொன்றுக்குப் பரிசு கொடுத்துவிட்டிருப்பீர்கள். நாய்போல் அது நம் தப்பை மன்னித்து ஈடுகட்டாது.

சான்றிதழில் பரவலாக மதிக்கப்படுவது நாய் டிரெய்னர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ்க் குழுவின் சி.பி.டி.டி.-கே.ஏ. கடந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது 300 மணி நேரம் பயிற்சி கொடுத்த அனுபவம், பிறகு எழுத்துத் தேர்வு, மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பு. வார இறுதிச் சான்றிதழ்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒருவர் எத்தனை மணி நேரம் யார் மேற்பார்வையில் வேலை செய்தார் என்று கேளுங்கள். அவருடைய பதிலிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

வேலைக்கு இறங்கும் முன் ரேபிஸ் முன்தடுப்பூசி: 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். போட்டிருந்தாலும் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனை போய் 0, 3-ஆம் நாட்களில் மறுபடி இரண்டு ஊசி போட்டாக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடுவது உயிரோடு விளையாட்டு.

கடித்த நாயை ஏற்பதா என்று முடிவெடுக்க கால்நடை மருத்துவரும் டிரெய்னருமான இயன் டன்பாரின் ஆறு படி அளவுகோல் உதவும். பல் தோலில் படாதது முதல் படி, பட்டும் துளைக்காதது இரண்டாவது, ஒரே கடியில் மேலோட்டமான துளைகள் மூன்றாவது. நாலாவது படியில் துளை கோரைப்பல்லின் பாதி நீளத்தைவிட ஆழமாகப் போயிருக்கும். புதியவர் இரண்டோடு நிற்க வேண்டும். மூன்றை மூத்தவர் துணையோடு மட்டும். நாலும் அதற்கு மேலும் என்றால் மறுத்து, மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்யும் அனுபவசாலியிடம் அனுப்ப வேண்டும். ஏற்றால் முதல் வேலை வாய்க்கூடு பழக்குவது. துணியால் இறுக்கிக் கட்டுவதைச் சென்னை வெயிலில் நினைக்கவே கூடாது. வாயைத் திறந்து மூச்சிரைக்க இடமுள்ள கூடை வகைதான். உள்பக்கம் கெட்டித் தயிரைத் தடவி, நாயே மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்தால் இரண்டு வாரத்தில் வாலாட்டிக்கொண்டே மாட்டிக்கொள்ளும். உரிமையாளரிடம் கடி வரலாற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாயால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு ஆறு மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் வரை போகும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வருமானக் கணக்கு எளிது, கொஞ்சம் கசப்பு. வெயிலால் நாளுக்கு இரண்டு சன்னல்கள்தான்: காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை ஐந்திலிருந்து எட்டு. ஒரு மணி நேரப் பாடம், தாம்பரத்துக்கும் அடையாறுக்கும் இடையே முக்கால் மணி நேரப் போக்குவரத்து. ஆக நாளுக்கு நாலு வீடுதான் உச்சம். அதில் ஒன்று கடைசி நிமிடத்தில் ரத்தாகும். பகல் பொழுது ஆன்லைன் ஆலோசனை, வீடியோ பார்த்தல், குறிப்பெழுதுதல், முடிவில்லாத இலவச வாட்ஸ்ஆப் கேள்விகள் என்று போய்விடும். தொடர் கேள்விகளுக்கும் சேர்த்தே கட்டணம் வைக்காதவர் முதல் ஆண்டிலேயே களைத்துப்போகிறார்.

மாதப் பேக்கேஜ் நாட்களை விற்கிறது. ஆறு பாடம், ஒவ்வொன்றிலும் வீட்டார் ஒருவர் கட்டாயம் என்று விற்பது கடினம், ஆனால் நாலாவது மாதத்துச் சண்டை வராது. நாயை முப்பது நாள் கென்னலில் விட்டுப் பழக்கித் தரும் ஏற்பாட்டில் பணம் அதிகம். முதலில் சொன்ன சிக்கலும் அங்கேதான் அதிகம். உண்ணியும் கென்னல் இருமலும் இலவச இணைப்பு. அதைச் செய்பவர்களில் பொறுப்பானவர்கள் நாயை ஒப்படைத்த பிறகு வீட்டில் மூன்று நாலு பாடம் வைத்தே தீருவார்கள்.

கடைசிப் பாடத்தில் நல்ல டிரெய்னர் நாயைத் தொடுவதே இல்லை. டிரீட் பையைப் பாட்டியின் இடுப்பில் மாட்டிவிட்டு, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு பெல்லை அடிக்கிறார். உள்ளே ‘பாய்’ என்று ஒரே ஒருமுறை குரல் கேட்கிறது. கதவு திறக்கும்போது ஹாலின் மூலையில் நாய் படுத்திருக்க வேண்டும். பாதி எழுந்து நின்றால், இன்னும் இரண்டு பாடம் பாக்கி.